அப்பா படித்த வெளிநாட்டு நோட்டுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய வலது முழங்காலையும் என்னுடைய வாயையும் தவிர. இரண்டும் எப்போது தகராறு செய்யும் என்று சொல்ல முடியாது. நீயும் சுகம் என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறாய், அதைப் பாதி நம்பி, மீதியைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே ‘அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு’ என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை நீ தூக்கி மேஜை மேல் போட்டாலும் அது அங்கேயே கிடந்து உன் மனசை அரிக்கும், அதனால்தான். இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, உன் அப்பா தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அவன் குரலுக்குத் தெருவே விழித்துக்கொள்கிறது. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பணம் வந்தால் நாங்கள் இருவரும் பேங்குக்குக் கிளம்புகிற அழகு உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்த பழக்கம் அது. அன்றைக்குக் காலையிலேயே உன் அப்பா குளித்துச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கண்டக்டராக இருந்த காலம் மாதிரியே காதில் பேனா செருகிக்கொண்டு வாசலில் நிற்பார், ‘ஏம்மா வண்டி கிளம்பிடும்’ என்பார், நாங்கள் நடந்துதான் போகப்போகிறோம் என்றாலும். பேங்கில் வெளிநாட்டு நோட்டாகவே கேட்டு வாங்குவோம். அங்கிருந்து கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவரிடம் போவோம், நாணயம் மாற்றும் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாரே, அவர்தான். சிலேட்டில் அன்றைய விலையை எழுதி வைத்திருப்பார், எங்களைப் பார்த்ததும் அதை அழித்துக் கொஞ்சம் கூட்டி எழுதுவார், அது எங்களுக்கென்று செய்கிற மரியாதை என்று உன் அப்பா, எல்லாருக்கும் அப்படித்தான் அழிப்பான் என்று நான். டீ வாங்கித் தருவார். பிறகு பேக்கரியில் ஆளுக்கொரு பன் வாங்கி, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று தின்போம். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை இத்தனை தடவை வெளியே கூட்டிப்போனதில்லை, உண்மையைச் சொன்னால் நீ வெளிநாடு போனதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

போன தடவையும் அப்படித்தான் போனோம். கவுன்டர் கண்ணாடியில் முத்திரை குத்திய ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இனிமேல் உள்ளூர் நாணயத்தில் மட்டும்தான் கொடுக்கப்படும், பேங்கு சொல்கிற விலைதான், வெளிநாட்டு நோட்டாகக் கேட்கக் கூடாது, இது அரசாங்க உத்தரவு என்று. நான் படித்துவிட்டேன், உன் அப்பா கண்ணாடி எடுத்துவரவில்லை. கவுன்டரில் இருந்த பெண் நம் ஊர் நோட்டை எண்ணி நீட்டினாள். இவர் வாங்கி வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோனார், முகம் சுருங்கிவிட்டது. ‘ஏம்மா, எம் பொண்ணு அனுப்பினது இது இல்லையே’ என்றார். அவள், ‘இதுதாங்கய்யா உங்க பணம், ரூல் மாறிடுச்சு’ என்றாள். ‘இது நம்ம ஊரு நோட்டு, யாரோ சோப்பு விக்கிறவன் கையில இருந்து வந்திருக்கு. எம் பொண்ணோட நோட்டைக் கொடு’ என்று ஒற்றைக்காலில் நின்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

உனக்குச் சிரிப்பு வராது என்று எனக்குத் தெரியும். அந்த விளையாட்டை அவரோடு உட்கார்ந்து விளையாடியவளே நீதானே. பள்ளிக்கூடம் லீவு என்றால் அப்பா பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு உனக்குத்தான், யாராவது உட்கார வந்தால் முறைப்பாய். கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் கணக்கு ஒப்படைக்கிறதுக்கு முன்னால் அங்கே கிடக்கிற மரப்பலகையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு நோட்டாக உன் மூக்கருகே நீட்டுவார், ‘இது யாரு சொல்லு?’ மீன் விற்கிறவளுடைய நோட்டு சொல்லவே வேண்டாம். கறுப்பாகக் கட்டைவிரல் பதிந்திருந்தால் மெக்கானிக், சாக்குத்தூள் உதிர்ந்தால் வாத்தியார். விரல் நகம் அளவுக்கு மடித்து மடித்து வந்ததைப் பிரித்துக்காட்டி, ‘இது புருஷனுக்குத் தெரியாம ஒருத்தி சேத்து வச்சது, பத்திரமா பிரி’ என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான், அதை வீட்டுக்கு வந்து என் அரிசி டப்பாவில் தேடிக் கண்டுபிடித்தவள் நீ, ராட்சசி. ஒரு நாள் நீ எல்லா நோட்டையும் மோந்து பார்த்துவிட்டு, ‘எல்லாத்துலயும் உங்க வாசனைதாம்பா வருது’ என்று சொன்னாயாம். அதை அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், மறுநாள் டிரைவரிடம் சொன்னார். இன்றைக்கும் ஆள் கிடைத்தால் சொல்லுவார்.

அதனால் நீ முதல் தடவை பணம் அனுப்பியபோது அந்த நோட்டுகளை மோந்து பார்த்துவிட்டு ‘ரொட்டி வாசனை வருது பாரு’ என்றார். நீ ரொட்டி ஆலையில் சேர்ந்திருந்தாய் அல்லவா. என் மூக்குக்கு மை வாசனைதான் வந்தது, ஆமாங்க என்று சொல்லி வைத்தேன். நீ அங்கே கட்டுகிற நோட்டு அங்கேயே கிடக்கும், இங்கே வருவது வெறும் எண், பேங்குக்காரர்கள் தங்கள் பெட்டியில் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஊர் முழுக்க டிக்கெட் கிழித்த மனுஷனுக்கு அது தெரியவில்லை. நோட்டு என்றால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வருவது, அவ்வளவுதான் அவர் கண்டது. புது நோட்டாக வந்தால் ‘சம்பளம் கூட்டிட்டாங்க போல’ என்று நிமிர்ந்து நடப்பார். கசங்கி வந்தால் அன்றைக்கு பன் இறங்காது. ஒரு தடவை ஒட்டுப்போட்ட கிழிந்த நோட்டு ஒன்று வந்தது, கடிகாரக்காரர் அதை வாங்கவே மாட்டேன் என்றார். ‘புள்ள எங்கியோ கஷ்டப்படுதும்மா’ என்று உன் அப்பா தெருவில் நின்றே உனக்குப் போன் போட்டார், நீ ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, ஜாலியா இருக்கேன்’ என்றாய். எவ்வளவோ நாள் கழித்து நீயே வாய் தவறிச் சொன்னாய், அந்தச் சமயம்தான் பழைய ஆலையில் உன்னை நிறுத்திவிட்டார்கள், சிநேகிதி அறையில் தரையில் படுத்திருந்தாய் என்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அதற்கப்புறம் இவரைக் கையில் பிடிக்க முடியுமா? மகள் விஷயத்தில் டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி நோட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளேன்.

அந்தக் கவுன்டர் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போகிறது, இவர் நகரவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘ஐயா, முன்னாடி குடுத்ததும் உங்க பொண்ணு நோட்டு இல்லீங்க. தலைமை ஆபீஸ்ல இருந்து கட்டுக்கட்டா வரும், அதுல இருந்துதான் எல்லாருக்கும் குடுப்போம். வெளிநாட்டுல இருந்து யாரும் நோட்டைத் தூக்கிட்டு வர்றதில்ல’ என்று சொல்லிவிட்டாள். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பணத்தை அப்படியே என் கையில் கொடுத்தார். கடைத்தெருப் பக்கம் போகவில்லை, பேக்கரியும் இல்லை, நேராக வீடு. பாதி வழியில் நின்று, ‘அப்போ இத்தனை வருஷமா யாரு நோட்டைம்மா நான் படிச்சேன்?’ என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாதவள் இல்லை, உனக்குத் தெரியும், எனக்கு வாய் நீளம். அன்றைக்குத் தெருவிலேயே அழுதுவிட்டேன்.

அடுத்த நாளே நீ போன் செய்தாய். பேங்கு விலையில் போட்டால் கையில் வருவது குறைகிறதே, அதை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன், இந்த வருஷமும் ஊருக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறேன் என்றாய். நான் சரி சரி என்றேன். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன், அவர் ஒழுகுகிற குழாயை முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நீ வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது, ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம், இந்த வருஷக் காரணம் அரசாங்கத்தின் புண்ணியத்தில் வந்தது. நீ போனை வைத்ததும் அவர் சொன்னார், ‘நல்லா இருக்கேன்னு அவ சொல்றதுதான் நமக்குத் தெரியும். நல்லா இருக்காளான்னு தெரியாது. எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் இத்தனை நாள் நிம்மதியா தூங்கினேன்.’ அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை. நடு ஹாலில் உட்கார்ந்து நீ அனுப்பிய போட்டோக்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார், ‘கண்ணுக்குக் கீழே கறுப்பா இருக்கே, இது வெளிச்சமா, தூக்கமில்லையா?’ என்பார். எனக்கும் தெரியவில்லை. எத்தனை நாள் கண்ணே நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது?

இந்த மாதம் பணம் வந்தபோது நான் கிளம்புவதற்குள் தனியாகப் போய்விட்டார், காதில் பேனா இல்லை. மத்தியானம் சாப்பாடு ஆறிப்போனபோதுதான் வந்தார். முதலில் அந்தக் கவுன்டர் பெண்ணிடமே போய், இங்கிருந்து என் பொண்ணுக்குப் பணம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். டிக்கெட்டுக்கு என்று காரணமும் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆயிரம் ரூல் இருக்கிறது, சுலபமாக முடியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்புறம் அவளே சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக, ‘டிக்கெட்டுதானேய்யா, அதை இங்கியே நம்ம ஊரு காசுல எடுத்து அனுப்பலாமே’ என்று சொல்லி, எதிர்ச்சாரியில் இருக்கிற டிராவல்ஸ்காரரைக் கை காட்டியிருக்கிறாள். நல்ல பெண். உன் பாஸ்போர்ட் நகல் ஒன்று விட்டுப் போயிருந்தாயே, அதைப் பீரோவிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்துப் போயிருக்கிறார், கள்ளன். போன மாதப் பணம், இந்த மாதப் பணம், அவருடைய பென்ஷனில் கொஞ்சம், எல்லாம் போய்விட்டது. உன் காசிலேயே உன்னை வரவழைக்கிறோம், வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. நீ இப்போது இருக்கும் ஆலையில் பெரிய அடுப்பைப் பழுது பார்க்க இரண்டு வாரம் மூடுவார்கள், அப்போது சும்மாதான் இருப்பேன் என்று நீ எப்போதோ சொன்னதை இவர் ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தத் தேதிக்கே எடுத்திருக்கிறார். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, பென்ஷன் இருக்கிறது, மாடி வாடகை இருக்கிறது, நாங்கள் இரண்டு பேர் தின்று எந்த ராஜ்யம் அழியப்போகிறது? ஞாயிற்றுக்கிழமை வேலையை விடு, அன்றைக்காவது தூங்கு.

டிக்கெட்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு தாள் இருக்கும், வருவதற்கு ஒன்று, திரும்பிப் போவதற்கு ஒன்று. அதைப் பார்த்ததும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ‘வர்ற டிக்கெட்டை மட்டும் எடுத்திருக்கலாமே, போகிறதுக்கு நாம் ஏன் எடுத்துக் கொடுக்கணும், உங்களுக்கு மூளை இருக்கா’ என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். அவர் கோபப்படவே இல்லை. ‘திரும்பிப் போக வழி இல்லாத பஸ்ல யாரும் ஏற மாட்டாங்கம்மா. போக வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் புள்ள பயமில்லாம வரும்’ என்றார். இந்த மாதம் எனக்கு வாய் போய்விட்டது போலிருக்கிறது.

நீ நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும், கையும் காலும் நோகாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வரும்போது சோப்பு, சென்ட் என்று ஒன்றும் தூக்கி வராதே, பெட்டி லேசாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. இந்தத் தடவையும் வர முடியாது என்று உனக்குத் தோன்றினால் அதை என்னிடம் சொல்லாதே, போனை அவர் கையில் கொடுத்துவிடுவேன், நீயே சொல்லிக்கொள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா