ஹலிபக்ஸ் வேண்டாம் என்றவளுக்கு

போன சனிக்கிழமை ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கம் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அங்கே அந்த வெள்ளைச் சோப்பு கிடந்தது. மணமே இல்லாதது போலிருந்து, நனைந்ததும் மூக்கில் ஏறுமே, அதுதான். நாங்கள் வளர்ந்த டோர்செட் பார்க் மாடிவீட்டுச் சாப்பாட்டு மேசை உடனே நினைவுக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் நீ. கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று வீட்டுக்காரி கேட்டாள். தலையிடி என்றேன்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்கள்' என்றுதான் சொன்னேன், அக்கா. இனிமேல் அது வராது.

பல் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் அந்த நாட்களில் ஒரு வேடிக்கையான பகுதி இருந்தது. சோப்புக் கட்டி ஒன்றைத் தந்து, படத்தில் உள்ளபடி அச்சொட்டாகச் செதுக்கச் சொல்வார்கள். நான் பழகுவதற்காக நீதான் மலிவு விலையில் சோப்புப் பெட்டிகளை வாங்கி வந்தாய். மேசையெல்லாம் சீவல் பறக்கும். டயலிசிஸ் முடிந்து களைத்து வரும் அப்பா, "சாப்பிடுற இடத்தில என்ன குப்பை இது?" என்று கத்துவார். நீ சீவல்களைக் கூட்டிப் பேணியில் போட்டு, உடுப்புத் தோய்க்க எடுத்து வைப்பாய். பிறகு என் கட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "உது நேரில்லை. திரும்பச் செய்" என்பாய். அப்போது உன்னை எவ்வளவு நம்பினேன் என்பதை நினைக்கத்தான் இன்றைக்கும் எரிகிறது.

நீ செய்ததை நான் மறைக்கவில்லை. அம்மா இறந்த பிறகு படிப்பை விட்டுவிட்டு பாங்கில் வேலைக்குப் போனாய். கிழமைக்கு மூன்று தரம் அப்பாவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். போகிற வழியெல்லாம் அவர் உன்னைத் திட்டுவார். உப்பில்லாத கறிக்கு ஒரு திட்டு, சிவப்பு விளக்குக்கு ஒரு திட்டு. நீ றேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பாய். எல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில், எந்தெந்த இடங்களுக்கு விண்ணப்பிப்பது என்று அதே மேசையில் இருந்து பேசினோம். எனக்குக் கிழக்குக் கடலோரத்து ஹலிபக்ஸ்தான் ஆசை. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்த அம்மாவின் பிள்ளை நான், கடலை ஒழுங்காகப் பார்த்ததேயில்லை. வினிப்பெக்குக்கும் எட்மன்டனுக்கும் போடலாம் என்றும் நினைத்திருந்தேன். நீ கேட்டு முடிக்கவுமில்லை.

"ரொறன்ரோவுக்குப் போடு. வேணுமெண்டால் இஞ்ச ஒன்ராறியோ லண்டனுக்கும் போடு. ரெண்டு மணித்தியாலம்தானே, சனி ஞாயிறு வீட்டை வரலாம். அது காணும்."

"ஹலிபக்ஸ், அக்கா?"

"அங்க ஆர் இருக்கினம் உனக்கு? உந்த மாகாணங்கள் எல்லாம் தங்கட பிள்ளையளுக்குத்தான் இடம் குடுக்கும். சும்மா மினக்கெடாதை."

"வெளியாக்களுக்கும் கொஞ்ச இடம் வைச்சிருக்கினம். நான் விசாரிச்சனான்."

"அந்தக் கொஞ்ச இடத்தையும் உனக்கெண்டோ வைச்சிருக்கினம்? நான் உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

என் நன்மைக்கு. அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு ஏது? இரண்டு இடங்களுக்கு மட்டும் போட்டேன். வசந்தத்தில் இரண்டு இடமும் இல்லை என்றன. நீ வேர்பனில் இருந்த தமிழ்க் கடையில் மட்டன் ரோல் வாங்கிவந்து, "அடுத்த வருசம் பாப்பம்" என்று என் தலையைத் தடவினாய். உன் தோளில் விழுந்து அழுதேன். உனக்கு நன்றி கூடச் சொன்னேன். என்னோடு ஆய்வுகூடத்தில் பக்கத்தில் நின்ற பிள்ளை, என்னைவிட ஒரு புள்ளியும் கூட எடுக்காதவள், ஹலிபக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். துறைமுகத்தில் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள்.

அந்தக் கோடையில் ஒரு நாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாய். "நான் கலியாணம் கட்டி வன்கூவருக்குப் போறன்."

எனக்கு முதலில் சந்தோசம்தான். "எப்ப முடிவெடுத்தனீங்கள்?"

"போன சம்மரிலயே அவருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

போன சம்மர். அதற்குப் பிறகு வந்த இலையுதிர் காலத்தில்தான் நாங்கள் மேசையில் இருந்தோம். எனக்கு விளங்க ஒரு துவாய் மடிக்கிற நேரம் பிடித்தது.

"அப்ப ஹலிபக்ஸ் வேண்டாமெண்டது?"

நீ நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அப்பாவை ஆர் பாக்கிறது? நான் இவ்வளவு காலம் பாத்தது காணும்."

கேட்டிருக்கலாம், அக்கா. 'என்னால இனி ஏலாது, உன்ர முறை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், கடைசியில் நின்றும் இருப்பேன். நின்றது என் முடிவாக இருந்திருக்கும். நீ அதையும் எனக்கு விடவில்லை. உன் தேவையை என் நன்மை என்று பொதி கட்டித் தந்தாய்.

நீ போனாய். கார்ச் சாவி எனக்கு வந்தது, திட்டும் வந்தது. மூன்றாம் முயற்சியில் ரொறன்ரோவில் இடம் கிடைத்தது. பாடப் புத்தகத்தை டயலிசிஸ் அறையில் வைத்துத்தான் படித்தேன். நான் பட்டம் வாங்க முதல் அப்பா போய்விட்டார். இப்போது வேர்பனில் சொந்தமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். அதனால் எனக்குக் கோபப்படும் உரிமை இல்லை என்று எல்லோருக்கும் எண்ணம். "அக்கா சொன்னதுதானே கடைசியில நடந்தது" என்கிறார்கள்.

உனக்கு நோய் முற்றியிருந்தபோது ஒருமுறை தொலைபேசியில் ஹலிபக்ஸைப் பற்றிக் கேட்டேன். நீ இருமிவிட்டு, "அதை இன்னும் வைச்சுக்கொண்டிருக்கிறியோ? டொக்டர் ஆகிட்டாய்தானே" என்றாய். அதோடு பேச்சு முடிந்தது. உன் செத்தவீட்டில் அத்தான் எழுந்து, "தங்கச்சியைப் பக்கத்தில வைச்சுப் படிப்பிச்சு ஆளாக்கினவ" என்று சொல்லி அழுதார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் பெட்டியைப் பார்த்தேன். கண்ணீர் வரவில்லை. வரவைக்க முயலவும் இல்லை.

நேற்று உன் மகள் தொலைபேசி எடுத்தாள். அவளும் பல் மருத்துவம் படிக்கப் போகிறாளாம்.

"சித்தி, எனக்கு சஸ்கட்டூன், மொன்றியல் எல்லாம் ட்ரை பண்ண ஆசை. பட் அப்பா தனிய. வன்கூவர் மட்டும் போட்டால் காணும் எண்டு மாமி சொல்லுறா. வட் டு யூ திங்க்?"

அக்கா, அந்த இடத்தில் என் நாக்கில் வந்து நின்றது உன் குரல். அதே நிதானம், அதே அக்கறை. 'மாமி சொல்லுறதும் சரிதானே' என்று தொடங்கியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். என்னை நம்புகிற பிள்ளை. நீ எனக்குத் தந்துவிட்டுப் போனது அதுதான், என்னாலும் அப்படிப் பேச முடியும் என்ற அறிவு. அதை விழுங்கினேன்.

"விருப்பமான எல்லா இடத்துக்கும் போடு. அப்பாவுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு. அவருக்கு உன்ர உதவி வேணுமெண்டால் அவர் வாயால கேக்கட்டும். கேட்டால் நீ யோசி."

பிறகு, "அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்றாள்.

"போகத்தான் சொல்லியிருப்பா."

மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. சந்தோசத்தில் அழுதாள்.

அந்தப் பொய்யை உனக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. அவளுக்கு ஒரு நல்ல அம்மா வேண்டியிருந்தது, கொடுத்தேன். உன்னை உள்ளபடி தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். அந்த அக்காவையும் அவள் மேலுள்ள கோபத்தையும் நானே வைத்துக்கொள்கிறேன்.