எழுதப்படாத ஒன்பது பெயர்கள்

மழை முறை தவறாது பெய்க. நெல் பெருகுக. சாரத்தில் ஏறியவர் யாவரும் தம் காலாலேயே இறங்கி வருக.

செங்கழி நாட்டின் முடிமன்னரும், மூன்று ஆறுகளுக்கும் அவற்றிலுள்ள மீன்களுக்கும் தலைவரும், அவைப் புலவரால் நாள்தோறும் ஞாயிற்றோடு ஒப்பிடப்பட்டு ஞாயிற்றையே நாணச் செய்பவருமாகிய பேரொளிச் சாத்துவேள் பெருமானடிகளின் திருமுன்பு, வெண்குன்ற நாட்டு அரசி அணியிழை மாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் தத்தன் கண்ணந்தை வணங்கி எழுதுவது. தங்களுடைய எஞ்சிய பதினெட்டு விருதுப் பெயர்களும் இவ்விடத்தில் முறைப்படி வாசிக்கப்பட்டனவாகக் கொள்க. பனைமரம் ஓலையை இந்த நீளத்துக்குத்தான் தருகிறது. மரத்தின் மீது வழக்குத் தொடுக்க எங்கள் சட்டத்தில் இடமில்லை.

தங்கள் நாட்டில் யாவரும் நலமென்று நம்புகிறோம். இங்கே அரசியார் நலம். மலைமேலார் கோயிலின் புதிய கோபுரம் ஏழு நிலையும் முற்றி, கலசமும் ஏறி, நலமாக நிற்கிறது.

தாங்கள் விடுத்த ஓலை ஒரு யானையும் இரண்டு சங்குகளும் ஏழு குடைகளும் சூழ வந்து சேர்ந்தது. தாங்கள் ஒன்பது நிலைக் கோபுரம் எழுப்பத் திருவுள்ளம் கொண்டிருப்பதாகவும், எங்கள் ஆட்கள் அறுபத்துநால்வரையும் அவர்களுக்குத் திருப்பணித் தலைவராக இருந்த கோளரி மாராயரையும் அனுப்பி உதவ வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. எங்கள் கோபுரத்தின் மேல் மூன்று நிலைகள் எழுந்தபோது ஒருவர்கூட விழவில்லை என்று கேள்வியுற்று, அதற்காக அடித்தளத்தில் நாங்கள் புதைத்த மந்திரத் தகடு எத்தகையது என்பதை மறைவாகத் தெரிவிக்கவும் கேட்டிருந்தீர்கள்.

தகடு எதையும் புதைக்கவில்லை. கயிற்றை மாற்றினோம்.

இந்த அளவில் முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் யானை மேல் வந்த கேள்விக்கு இத்தனை சிறிய மறுமொழி அனுப்பினால் யானைக்கு மனம் வருந்தும் என்று அரசியார் கருதுவதால், நடந்ததை முழுதும் எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கோயில் சாரத்திலிருந்து யாரேனும் விழுந்தால், அவர் கிடக்கும் இடத்துக்கே மேளமும் சங்கும் வரும். திருப்பணித் தலைவர் வந்து, விழுந்தவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வார். உடைந்தது கையானால் கையையும், காலானால் காலையும், போனது உயிரானால் உயிரையும் இன்னார் மலைமேலாருக்கு மனமுவந்து காணிக்கையாக்கினார் என்று அடித்தளக் கல்லில் பொறிக்கப்படும். கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. இறைவனுக்குக் கொடுத்த பொருளைப் பற்றி மனிதர் மன்றத்தில் வழக்குரைக்கலாகாது என்பது சட்டம் ஆதலால், பரிவட்டம் கட்டிய பிறகு விழுந்தவர் யாரையும் எதுவும் கேட்க இயலாது. அவர் ஏன் விழுந்தார் என்று யாரும் விசாரிக்கவும் இயலாது. மருத்துவர் மேளத்துக்குப் பின்னால் வருவார். அந்தக் கல் வாசகத்தை இயற்றியவன் நான். "மனமுவந்து" என்ற சொல்லை அதில் அமர்த்தியவனும் நானே. அந்நாளில் அது எனக்கு மிக அழகாகப் பட்டது, நான் விழுந்ததில்லை.

கோபுரம் நான்கு நிலை எழுந்தபோது கல்லில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. நாற்பத்திரண்டாவதாக விழுந்தவர் எயினி. கூழாற்றங்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவர். சுண்ணாம்புச் சாந்துக் கூடை சுமப்பவர். அவருடைய கணவர் பூதன் அதே கோபுரத்தில் செங்கல் ஏற்றுபவர். கூடையோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் நிலையின் உயரத்தில் மூங்கில் கட்டு அறுந்து, அடித்தளக் கல்லை ஒட்டியிருந்த மணற்குவியலில் விழுந்தார். மணல் உயிரைக் காத்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

வழக்கம்போல் மேளம் வந்தது. கோளரி மாராயர் பரிவட்டத்தோடு குனிந்தார். எங்கள் மன்றத்தில் வழக்காளி சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும், மெருகிடலாகாது என்பது விதி. ஆகவே மன்ற ஏட்டில் பின்னர் பதிந்துள்ளவாறே தருகிறேன், பெருமானடிகள் பொறுத்தருள்க. எயினி கூறியது: "கால் உடைஞ்சு கெடக்கேன், தலையிலே கட்ட வந்திருக்கீங்களே சாமி. குடுங்க இங்கே, கட்ட வேண்டிய எடத்திலே கட்டிக்கிறேன்."

பட்டைப் பறித்து, ஒரு பலகைத் துண்டைக் காலோடு சேர்த்து, பூதனைக் கொண்டு இறுக்கிக் கட்டுவித்துக்கொண்டார். மேளக்காரர்கள் நிறுத்துவதா தொடர்வதா என்று விளங்காமல் கொஞ்ச நேரம் மெதுவாக வாசித்தார்களாம். அந்தக் கட்டு இல்லாவிட்டால் காலை எடுக்க நேர்ந்திருக்கும் என்று மருத்துவர் பின்னர் சான்றளித்தார். எங்கள் நாட்டில் பரிவட்டம் ஒருவருக்கு உண்மையாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மணலில் கிடந்தபடியே எயினி இன்னொன்றையும் கண்டார். அவர் முகத்துக்கு நேரே இருந்த கல்லில் எழுத்து ஓடிக்கொண்டேயிருந்து, நடுநடுவே வெறும் இடம் விட்டிருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. வெறும் இடம் தெரியும். பெயர் வெட்ட உளியோடு வந்த கல்தச்சரிடம் அது என்னவென்று கேட்க, அவர் ஒளிவுமறைவின்றி, "அதெல்லாம் மேல் நெலைக்காரங்களுக்கும்மா" என்றார்.

மறுநாளே எயினி கட்டிலோடு மன்றத்துக்குத் தூக்கி வரப்பட்டார். அவர் கேட்டவை பெரியவை அல்ல. தம் பெயரைக் கல்லில் வெட்டக்கூடாது; கட்டு ஏன் அறுந்தது என்று யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்; கால் கூடும்வரை வீட்டில் உலை வைக்க அரிசி வேண்டும். நான்காவதை எழுத்தர் அவர் சொன்னபடியே குறித்திருக்கிறார். "எங்க வீட்டுக்காரரு விடிஞ்சா அதே கயித்திலே அஞ்சாம் நெலைக்கு ஏறணும் தாயே. ஏறலைன்னா திருப்பணியை விட்டு ஓடினவன்னு ஊரை விட்டே தள்ளிருவாங்க. ஏறினா என்ன ஆவும்னு நான்தான் பாத்துட்டேனே."

கோளரி மாராயர் எழுந்தார். திருப்பணிச் சக்கரவர்த்தி, கோபுரத் திலகம், ஆகாயத்துக்கு அணிகலன் பூட்டியவர் என்னும் தம் விருதுகளைத் தாமே நினைவூட்டிவிட்டு, இது காணிக்கை, ஆதலால் வழக்கே இல்லை என்றார். அரசியார் கயிற்றைப் பற்றி மட்டும் கேட்டார். அது கடைத்தெருக் கயிறன்று, மலைமேலாரின் தேரை மூன்று திருவிழாக்கள் இழுத்த வடம், அதைப் பிரித்தே சாரம் முழுவதும் கட்டியிருக்கிறோம், இறைவனை இழுத்த கயிறு மனிதரைக் கைவிடாது, கைவிட்டதென்றால் அது இறைவனே கேட்டு வாங்கியது என்று மாராயர் விளக்கினார். அவையோர் தலையசைத்தனர். மறைப்பானேன், நானும் அசைத்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "தேர் தரையிலே போவுது சாமி. அறுந்தா தேர் நிக்கும். நாங்க எங்கே நிக்கிறது?"

பிறகு அரசியாரைப் பார்த்து, "மனசோட குடுத்தேன்னு சொல்றாங்க. சாமிக்குக் குடுக்கணும்னா ஒரு தேங்காய் குடுத்திருப்பேன் தாயே. காலைக் குடுத்துட்டு அவரைப் பாக்க எதாலே நடந்து போறதாம்? அதுவும் போவட்டும். அந்தக் கல்லை ஒரு தரம் வந்து பாருங்க. மேல் நெலையிலே விழப்போறவங்களுக்கு இப்பவே எடம் போட்டு வெச்சிருக்காங்க" என்றார்.

அரசியார் இருக்கையை விட்டெழுந்து, குடை பிடிப்போர் பின்தங்க, தாமே நடந்து சென்று கல்லைப் பார்த்தார். "இன்னார் தம்" என்று எழுதிப் பெயருக்கு இடம் விட்டு, உறுப்புக்கு இடம் விட்டு, "மனமுவந்து காணிக்கையாக்கினார்" என்று முடித்த வாசகம் பத்து முறை வெட்டி, மெருகேற்றி, தயாராக இருந்தது. ஒன்று எயினிக்கு. மற்ற ஒன்பது யாருக்கு என்று அரசியார் வினவினார்.

இவ்விடத்தில் கோளரி மாராயர் செய்ததை எங்கள் நாட்டில் அவர் ஒருவரால் மட்டுமே செய்ய முடியும். அவர் பெருமைப்பட்டார். மேலே போகப் போக ஏறுவோர் குறைவர், ஆதலால் மேல் நிலை ஒன்றுக்கு மூவர் என்பது நெடுநாள் அனுபவக் கணக்கு என்றும், விழுந்த பின் வெட்டத் தொடங்கினால் உளிச்சத்தம் வழிபாட்டுக்கு இடையூறு என்பதால் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்ததாகவும், இத்தகைய ஒழுங்கை வேறெந்த நாட்டுத் திருப்பணியிலும் காண இயலாது என்றும் தெரிவித்தார்.

அந்த ஒன்பது பேரும் தம் மனம் உவந்திருப்பதை அறிவார்களா என்று அரசியார் கேட்டார். சாரத்தில் நின்ற அறுபத்துநால்வரும் அப்போது வேலையை நிறுத்திக் கீழே பார்த்துக்கொண்டிருந்தனர். மாராயர் அவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கல்லைப் பார்த்தார்.

அன்றே தீர்ப்பாயிற்று. வலியில் கிடப்பவரிடம் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. விழுந்தவரிடம் முதலில் செல்பவர் மருத்துவர். மேளம் வீட்டிலேயே இருக்கலாம். விழுந்த இடத்தின் சாரத்தை, காரணம் கண்டறிந்து எழுதும் வரை, எவரும் அவிழ்க்கலாகாது. உடம்பு தேறும்வரை வீட்டுக்கு அரிசி, தேறாவிட்டால் வாழ்நாள் முழுவதும். கட்டு சரியில்லை என்று ஏற மறுப்பவரைத் தண்டிக்கலாகாது. மறுநாள் விடியலில் முதல் ஆளாக மறுத்தவர் பூதன். மாராயருக்குச் சிறையுமில்லை, கசையுமில்லை. நாள்தோறும் காலையில், ஆட்கள் ஏறுமுன், உச்சிச் சாரம் வரை அவர் முதலில் ஏறி இறங்க வேண்டும் என்பதே அவருக்குரிய தண்டனை. அதன் பிறகு கயிற்றின் தரத்தில் அவர் காட்டிய அக்கறையைக் கண்டு நாடே வியந்தது. தேங்காய் நாரைக் கையால் திரித்துப் பார்த்தார். மூங்கிலைத் தட்டித் தட்டிக் கேட்டார். மழை நாளில் வேலை வேண்டாம் என்று அவரே விண்ணப்பித்தார். தாங்கள் தேடும் மந்திரத் தகடு ஒன்று இருக்குமானால், அது இதுதான்.

நாற்பத்தொரு பெயர்களையும் நாங்கள் அழிக்கவில்லை. நான் இயற்றிய வாசகத்தின் கீழே, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்னவென்று சாட்சிகளை விசாரித்துச் சிறு எழுத்தில் வெட்டுவித்தோம். இருபத்துமூவருக்குக் கயிறு. பன்னிருவருக்கு மழைச் சேறு. அறுவருக்கு அவசரம். அவ்வரிகளை எழுதியவனும் நான்தான். அவற்றில் அழகு ஏதுமில்லை.

எயினிக்கென்று வைத்திருந்த இடத்தை, அவர் கேட்டபடி பெயர் வெட்டாமல், கொத்தி எடுத்துவிட்டோம். ஒன்பது இடங்கள் மட்டும் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. தங்கள் தந்தையார் எழுப்பிய வெற்றித்தூணில் ஆயிரம் பகைவர் பெயர் உண்டென்று அறிவோம், வணங்குகிறோம். எங்களிடம் அப்படி ஒன்றுமில்லை. எங்கள் நாட்டுக்கு வரும் விருந்தினரை நேரே அந்தக் கல்லுக்கு அழைத்துச் சென்று, இங்கே எழுதப்பட இருந்தவர்கள் அதோ கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டுகிறோம். வெண்குன்ற நாடு ஐந்து தலைமுறையாக வெட்டிய கல்வெட்டுகள் அனைத்திலும் நாங்கள் தலைநிமிர்ந்து காட்டுவது எதுவும் எழுதாத அந்த ஒன்பது இடங்களைத்தான்.

இனித் தாங்கள் கேட்டவை. மாராயரை அனுப்ப இயலாது. அவர் இப்போது எங்களுக்குப் பெரிதும் பயன்படுகிறார். ஆட்கள் அறுபத்துநால்வரும் புறப்பட்டு, கூழாற்றின் எங்கள் கரையில் மருத நிழலில் தங்கியிருக்கிறார்கள். அவர்களோடு எயினி சாரக் காவலராக வருகிறார். கால் சற்று வளைந்து கூடியிருப்பதால் சுமக்கமாட்டார். ஆனால் அவர் தொட்டுப் பார்த்து ஆகட்டும் என்று சொல்லாத சாரத்தில், தாங்களே திருவடி வைத்து அழைத்தாலும் எங்கள் ஆள் ஒருவரும் ஏறமாட்டார். மேற்சொன்ன தீர்ப்பு முழுவதும் தங்கள் மண்ணிலும் அவர்களோடு நடக்கும் என்று இவ்வோலையின் அடியில் தாங்கள் முத்திரையிட்டு அனுப்பிய பின்னரே அவர்கள் ஆற்றைக் கடப்பார்கள். அனுப்பாவிடில் திரும்பி நடப்பார்கள். காத்திருப்பதில் அவர்களுக்கு வருத்தமில்லை. மருத நிழல் நல்ல நிழல்.

இது அரசியாரின் ஆணை. திங்களும் ஞாயிறும் உள்ளவரை என்று முடிப்பது மரபு; சாரமும் அதில் ஏறுவோரும் உள்ளவரை இது செல்லுக என்று முடிக்கச் சொல்லியிருக்கிறார்.

இவ்வோலையின் நான்காம் ஏட்டில், அரிசி பற்றிய வரியில், இரண்டு சொற்கள் அடித்துக் கீறப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். எழுத்துப் பிழை என்று தங்கள் புலவர் கருத வேண்டாம். சாட்சிக்காக எயினியை அழைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "அரச கருணையால்" அரிசி வழங்கப்படும் என்று பழக்கத்தில் எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தினார்.

"கருணைன்னா இன்னைக்கு வரும், நாளைக்கு வராது ஐயா. அதை எடுத்துடுங்க."

அதன் இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். குடுக்கணும்னு இருக்குதில்ல, அது போதும்."

பனையோலையில் கீறியதை மறைக்க வழியில்லை. வேறு ஏடு எழுதிவிடட்டுமா என்று அரசியாரிடம் கேட்டேன். வேண்டாமென்று சொல்லி, கீறல் மறையாதபடி அதன் பக்கத்திலேயே அரச முத்திரையைத் தம் கையால் இட்டார்.

இவை ஓலைநாயகம் தத்தன் கண்ணந்தை எழுத்து.
இவை அறிவேன் என்பதற்குச் சாரக் காவலர் எயினியின் கைக்கீற்று.