சனிக்கிரகத்துக்கு வெளியே ஒரு பலகை

கோகே, டென்மார்க்
1645, ஆகஸ்ட்

டான்சிக் நகரில் இருக்கும் என் அன்புள்ள கணவர் லாவ்ரிட்ஸ் அவர்களுக்கு, சிட்செல் எழுதுவது. நான் நலம். உங்கள் உடம்பும் கண்ணும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் சரக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது. மாலுமி அதை என் கையில் கொடுக்கும்போது மீன்காரி டோர்தே பக்கத்தில்தான் நின்றாள். "என்னடி சிட்செல், உம் புருஷன் நெலாவுலயே வீடு பாத்துட்டாரா? எப்ப குடி போறீங்க?" என்று கேட்டாள். சந்தையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

வாத்துகள் நன்றாகத் தின்கின்றன. கூரையில் மேற்குப் பக்கம் ஒழுகியது, உங்கள் அண்ணன் யெப்பே வந்து வைக்கோல் வேய்ந்து கொடுத்தார். நான் காய்ச்சிய பியர் இந்த முறை புளித்துவிட்டது. யெப்பே அதையும் விடாமல் குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் துணி வியாபாரியின் மாடியில் கண்ணாடிக் குழாய் வழியாக நிலவைப் பார்த்து வரைவதாக எழுதியிருக்கிறீர்கள். நிலவில் மலையும் பள்ளமும் இருக்கிறதாம். வியாழனைச் சுற்றிக் குட்டி நிலவுகள் ஓடுகின்றனவாம். வானம் பளிங்கு ஓடுகளாக ஒன்றின்மேல் ஒன்று கவிந்திருக்கவில்லை, பூமியும் மற்ற கிரகங்களோடு சூரியனைச் சுற்றுகிறது என்கிறீர்கள். அதனால் நம் தேவாலயக் கூரையில் நீங்கள் வரைந்து பாதியில் விட்ட பளிங்கு வானத்தை முடிக்க வரமாட்டேன், தெரிந்தே பொய்யை வரையக் கை வராது என்றும் எழுதிவிட்டீர்கள்.

இதைப் பாதிரியார் ஓலூஃபிடம் நான்தான் வாசித்துக் காட்டினேன். "பூமி சுத்துதாமா? அப்ப பிரசங்க மேடையில நிக்கிற எனக்குத் தல சுத்தணுமே" என்றார். மணியடிக்கும் நீல்ஸ், "கீழ உக்காந்து கேக்குற எங்களுக்குச் சுத்துதே" என்று முணுமுணுத்தார். சிரிப்பு அடங்கியதும் பாதிரியார் முகம் மாறியது. "அடுத்த மாசக் கடைசியில மிக்கேல் திருநாள் வருது, அதுக்குள்ள உம் புருஷன் வரலேன்னா ரொஸ்கில்ட்ல இருந்து வேற ஆள வெச்சு முடிச்சுருவேன். பாதி வானத்துக்குக் கீழ எத்தன நாளைக்கும்மா ஆராதனை நடத்துறது?" என்று சொல்லிவிட்டார்.

கூரையில் நீங்கள் வரைந்த கிரக வட்டங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கடைசி வட்டமான சனிக்கிரகத்தின் வட்டத்துக்கு வெளியே வெறுமனே கிடக்கிறதே, மோட்சம் வரைய வேண்டிய பலகை, அதுதான் என் கவலை. வசதியானவர்கள் செத்துப்போன பிள்ளைகளைப் படமாக வரையவைத்து தேவாலயச் சுவரில் மாட்டுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை என்று தெரிந்துதான் பாதிரியார் அந்த மூலையை நமக்கு ஒதுக்கினார். போன குளிர்காலத்துக் காய்ச்சலில் நாம் பறிகொடுத்த மகள் மெட்டேயின் முகம் அங்கே வரும் என்று நம்பியிருந்தேன். நீங்கள் தினமும் சாரத்தில் ஏறுவீர்கள். சனியின் வட்டத்துக்கே திரும்பத் திரும்ப வண்ணம் பூசிவிட்டு இறங்குவீர்கள். பிறகு டான்சிக்குக்குக் கிளம்பிவிட்டீர்கள். நிலவைப் பார்க்கப் போனீர்களா, அந்தப் பலகையைப் பார்க்க முடியாமல் போனீர்களா? நான் குறை சொல்லவில்லை. என்னாலும் அதைப் பார்க்க முடியவில்லை.

ரொஸ்கில்ட் ஓவியர் மெட்டேயைக் கண்ணால் கண்டவர் இல்லை. எல்லா ஊரிலும் வரைகிற அதே கொழுகொழு குழந்தையை இங்கேயும் வரைந்துவிட்டுப் போவார். அதைப் பார்த்து என் மகள் என்று நான் காலம் முழுக்க நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் போன வாரம் ஒரு காரியம் செய்தேன். தேவாலயத்தைப் பெருக்கி முடித்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரித்துண்டோடு உங்கள் சாரத்தில் ஏறினேன். பெற்றவள் கைக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன். ஒரு குழந்தை வந்தது. அது யார் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். அவள் புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு ஒன்று இருந்ததே, அது வலது புருவமா இடது புருவமா? எனக்குத் தெரியவில்லை. தினமும் முகம் கழுவி விட்டவள் நான். கரியைக் கையால் அழித்துவிட்டு இறங்கிவிட்டேன். மெட்டே என்னை விட்டு இன்னொரு முறை போய்க்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வானத்தோடு எனக்குச் சண்டையில்லை. யோசித்துப் பார்த்தேன். பூமியும் வானத்தில் சுற்றுகிற ஒன்றுதான் என்றால், நம் கல்லறைத் தோட்டத்து மண்ணும் வானத்தில்தானே இருக்கிறது? சனியைத் தாண்டி எங்கேயோ அவளைத் தேட வேண்டாம். இதைப் பாதிரியாரிடமும் சொன்னேன். "இத வேற யாருகிட்டயும் சொல்லிவெக்காதம்மா" என்று மட்டும் சொன்னார். கோபப்படவில்லை என்பதால் இன்னொன்றும் கேட்டுவிட்டேன். பெண்கள் உட்காரும் பக்கம், கதவையொட்டி, என் கண்ணுக்கு நேராக ஒரு பலகை சும்மா இருக்கிறது. கூரையை யார் வேண்டுமானாலும் முடிக்கட்டும், அந்தப் பலகையை எங்களுக்குக் கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அதில் வட்டமும் வேண்டாம், பளிங்கும் வேண்டாம். நீங்கள் பொய் எதுவும் வரைய வேண்டியிருக்காது.

நிலவின் முகத்தில் உள்ள பள்ளங்களை ஒன்று விடாமல் வரைகிறீர்கள். நம் மகள் முகத்தையும் அதே கைதான் வரைய வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இலையுதிர் காலம் முற்றினால் கடல் கெட்டுவிடும், அதற்குள் கப்பல் ஏறிவிடுங்கள். ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வந்த பிறகும் வரையக் கை எழவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மெட்டே உங்களையே உரித்து வைத்தாற்போல இருக்கிறாள் என்று ஊரே சொல்லுமே. அதே மூக்கு, சிரிப்பை அடக்கும்போது அதே உதடு. சும்மா வந்து என் எதிரில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உங்கள் முகத்தில் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
சிட்செல்