எபிதாவ்ரோஸின் கடைசி வரிசை

கலமாதா
9 ஏப்ரல் 1996

பொலிக்சேனிக்கு,

நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நோன்பு முடியும்வரை பீன்ஸ் சூப்தான் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். மற்றபடி சௌக்கியம்.

ஈஸ்டர் முடிந்ததும் இங்குள்ள ஆசிரியர்கள் மிகீனெஸ் பழங்கோட்டை, எபிதாவ்ரோஸ் கல்லரங்கு இரண்டையும் பார்க்க இரண்டு நாள் கிளம்புகிறார்கள். வழிகாட்டி நீதானாமே? பஸ்ஸில் ஓர் இடம் காலியாம். அந்தக் கற்களைப் பற்றி நீ ஊருக்கெல்லாம் சொல்கிறாய், நான் ஒரு தடவைகூட வந்து கேட்டதில்லை. வரட்டுமா? சங்கடமாக இருந்தால் சொல்லிவிடு.

அர்கிரிஸ்

*

நாஃப்ளியோ
16 ஏப்ரல்

அர்கிரிஸுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார்!

வா. யார் வேண்டாம் என்றது? தொப்பி எடுத்துக்கொள், மிகீனெஸில் மர நிழல் கிடையாது. திராட்சை இலையில் சோறு சுருட்டிக் கொண்டுவருகிறேன், உன் அக்காவுக்கு அது வராது. ஒன்று மட்டும். ‘சுவரோடு குடும்பம் நடத்துகிறேன்’ என்று நான் கத்தியதும் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் மூன்று வருஷக் கதை. அதைப் பஸ்ஸில் ஏற்றாதே.

பொலிக்சேனி

*

நாஃப்ளியோ
29 ஏப்ரல்

அர்கிரிஸ்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

மிகீனெஸில் சிங்க வாசல் மேட்டில் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாய். கல்லறை நிழலில் நான் கொண்டுவந்ததை ஒன்று விடாமல் தின்றாய். அந்தத் தைரியத்தில்தான் எபிதாவ்ரோஸில் அப்படிச் செய்தேன். எப்போதும் அரங்கின் நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழிப்பேன், கடைசி வரிசைக்கும் கேட்கும். அன்று காகிதத்தை எடுக்கவில்லை. நீ உச்சியில் உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்துச் சொன்னேன், மெதுவாகத்தான். எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். நீ சிரித்தாய். போட்டோவுக்குக் காட்டுவதுபோல் கையை ஆட்டினாய்.

பஸ் ஓட்டும் மாந்தோஸ் உனக்குப் பின்னால்தான் இருந்தான். பக்கத்திலிருந்த டீச்சரம்மா உன்னை, “யோவ், அந்தப் பொம்பள கேக்குதுல்ல, வாயத் தொறந்து ஒரு பதில் சொல்லேன்யா!” என்றாளாமே. அதற்கும் சிரித்தாயாம். “விடுக்கா, அந்தாளு பாறை” என்கிறான் மாந்தோஸ்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்.

பொலிக்சேனி

*

கலமாதா
3 மே

என் பொலிக்சேனி,

என்ன சொன்னாய்?

உன் உதடு அசைந்தது தெரிந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அதைப் படிக்க முடியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

எண்ணெய் ஆலை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. நீ சமையலறையிலிருந்து கேட்டதற்கெல்லாம் நான் பேசாமல் இருந்தது அதனால்தான். ஆலையில் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயம். அப்புறம் உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. செவிடன் என்று சொல்லிக்கொள்வதைவிடச் சுவர் என்று திட்டு வாங்குவது சுலபமாக இருந்தது.

மிகீனெஸில் உன் பக்கத்திலேயே நின்று உன் வாயைப் பார்த்தே சமாளித்தேன். ஆனால் நான் வந்தது எபிதாவ்ரோஸுக்காக. அங்கே கிசுகிசுத்தால்கூட உச்சி வரிசைக்குக் கேட்கும் என்பாயே. அங்கேயாவது உன் குரல் கேட்கும் என்று ஒரு நப்பாசை. கேட்கவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

என்ன சொன்னாய்?

அர்கிரிஸ்

*

நாஃப்ளியோ
7 மே

அடப் பாவி மனுஷா,

உன் கடிதத்தை மாந்தோஸிடம் படித்துக் காட்டினேன். அவனும் அழுதான். பாறை என்றதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னான். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். காது போனதற்கு இல்லை. அதைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்தாயே, அதற்கு.

‘வீட்டுக்கு வா, நீ இல்லாமல் முடியவில்லை’ என்றேன். நாற்பது பேர் முன்னால். போதுமா?

பதிலை எழுதாதே. அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்குச் சுற்றுலா இல்லை. காலை பஸ்ஸில் கலமாதா வருகிறேன், டாக்டரிடமும் சேர்ந்தே போவோம். நீ வாயால் சொல்ல வேண்டும். நானும் இன்னொரு தடவை சொல்கிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்து.

எந்தக் காதுப் பக்கம் உட்கார வேண்டும் என்பதை மட்டும் எழுது.

உன்
பொலிக்சேனி