ஓடாத ஏசி

என் அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன், சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் செலவானது என்பதை இப்போது அந்தந்த வீட்டுக்காரர்களே செல்போனில் பார்க்கலாமாம். நம் வீட்டு இணைப்புக்கு என் நம்பரைக் கொடுத்திருந்ததால் தகவல் எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மதிய இடைவேளையின்போது திறந்து பார்த்தேன். கரண்ட் கூடினால் ஏறி, குறைந்தால் இறங்கும் ஒரு கோடாகக் காட்டுகிறது.

ஏசி போடுகிறாயா என்று போன வாரம் கேட்டேனே. "போடாம என்ன? குளுகுளுன்னு தூங்குறேன்டி" என்றாய். இரண்டு மாதமாக ஒரு ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும் இழுக்கும் அளவுக்கு மேல் அந்தக் கோடு ஏறவே இல்லை, அம்மா.

"என்னடி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்று கூட வேலை செய்யும் அக்கா கேட்டார். சோப்புத் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

உன் வீட்டுக் கணக்கை உன்னைக் கேட்காமல் பார்த்தது தப்புதான். அதன் பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். என் அறைக்கும் இதே வசதி உண்டு, அதன் பாஸ்வேர்டும் இருக்கிறது. நீயும் பார். பார்த்தால் திட்டுவாய். அங்கே வெயில் கொளுத்தினாலும் இந்த மலை ஊர்க் குளிருக்கு ஹீட்டர் போட்டுத்தான் படுக்கிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் இல்லையா?

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள், போக வேண்டும். இதைப் படித்ததும் எழுந்து போய் ஏசியைப் போடு. உன் கோடு ஏறுவதைப் பார்த்த பிறகு நானும் ஹீட்டரைப் போடுகிறேன்.

உன் மகள்