ஆடியில் சும்மா கிடக்கும் தோட்டம்

என் பாசத்துக்குரிய முனியசாமி அண்ணைக்கு,

"இன்னும் கேட்கவில்லை" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "தங்கச்சி, மதாம்கிட்ட என் லீவைப் பத்திப் பேசினியா?" என்று கேட்டீர்கள். "கேட்டனான் அண்ணை. யோசிச்சுச் சொல்லுறன் எண்டவ" என்றேன். பொய்.

இந்த அரபு நாட்டுப் பண்ணையில் எஜமானி மதாமோடு பேசும் அளவுக்கு அரபி தெரிந்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் ஒருத்திதான். என்னோடு தமிழில் பேச நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இரண்டு மாதம் போய்விட்டால் யாரோடு பேசுவேன் என்று பயந்தேன். பயம் மட்டும்தானா? சண்டையில் என் ஊருக்குப் பாதை அடைபட்டுக் கிடக்க, நீங்கள் பெட்டி கட்டுவதைப் பார்க்கப் பொறாமையும் இருந்ததா?

புதுத் தோட்டக்காரர் வந்துவிட்டார். மலையாளி. "இந்த மதில் யார் கட்டியது?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையையே அவருக்குச் சொன்னேன். நீங்கள் ராமநாதபுரத்திலிருந்து வந்தபோது இது ஈச்ச ஓலை வேலி போட்ட மணல்திட்டு. ஊர் வழக்கப்படி ஆடி பிறந்ததும் வெண்டையும் கத்தரியும் விதைத்தீர்கள். முளைத்த மூன்றாம் நாள் எல்லாம் கருகின. மிச்சத்தை அனல்காற்று மணலால் மூடியது. "மதாம் என்னை மாஃபி முக்குன்னாங்க தங்கச்சி. மூளை இல்லையாம். சரியாத்தான் சொன்னாங்க!"

பிறகு காற்றைத் தடுக்க ஆளுயர மதில் எழுப்பினீர்கள். ஓடைப் படுகையிலிருந்து மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கொண்டுவந்து போட்டு, புரட்டாசி வரை காத்திருந்து விதைத்தீர்கள். மதாமின் சமையலுக்குத் தக்காளி, புதினா. நமக்கு மேற்கு மூலையில் ஒரு முருங்கை. அதன் பிறகு எந்தக் கோடையிலும் நீங்கள் விதை போடவில்லை.

"ஆடியில இங்க சும்மா கிடக்குற மண்ணைப் பாத்துக்கிட்டு நான் எதுக்கு? அப்பப் போயிட்டு வந்துடுறேன். நாலு வருஷமாச்சு. மீசை இருக்கா, எடுத்தாச்சா, பஸ்ஸை விட்டு இறங்கினா அடையாளம் தெரிய வேணாமான்னு உன் அண்ணி எழுதியிருக்கா பாரு."

நான் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில், செய்ய வேலையில்லாமல் வெயிலில் மதிலைப் பூசிக்கொண்டிருந்தீர்கள். அங்கேயே விழுந்தீர்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அண்ணை. புத்தகத்தை எடுத்தால் ஒரு பக்கம் ஓடுவதில்லை. மதிலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். நேற்று டிரைவர் ரோலா கடைத்தெருவிலிருந்து அண்ணியின் கடிதத்தைக் கொண்டுவந்தார். "ஒரு தரம் லீவு கேட்டிருக்கக் கூடாதா அவர்? எங்களைப் பார்க்க ஆசை விட்டுப்போச்சா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

நீங்கள் கேட்டீர்கள், வாயைத் திறக்காதவள் நான் என்று அவருக்கு எழுதுவேன். எனக்காக ஒரு சாக்கும் சேர்க்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் உடலை விமானத்தில் ஏற்றிய மறுநாள், மதாமிடம் கேட்டேன். "கோடையில் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேனே" என்றார்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
வசந்தி