குண்டூசி வாசித்த வலைப்பூ

மார்ச் 3

பிரியமுள்ள குண்டூசிக்கு,

வாயாடியின் அன்பும் சமாதானமும். நாங்கள் சுகம். என் வீட்டுக்காரருக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் மாடிப்படி ஏறித்தான் வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது, அதை யாரிடம் போய்ச் சொல்ல? தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

இனி வழக்குக்கு வருகிறேன். ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவள் நீ. நான் மூன்று வருடமாக வலைப்பூவில் தியானக் கட்டுரை எழுதுகிறேன், நீ ஒரு வரி வாசித்ததில்லை. கேட்டால், "நான் செத்தவங்க எழுதினதைத்தான் வாசிப்பேன்" என்கிறாய். உனக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக நான் சாக முடியாது, டி. உன் பழைய பக்திப் புத்தகங்களில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் எனக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குகிறது. என் கட்டுரையைப் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் வாசித்துவிடலாம்.

ஆனாலும் மனசு சரியில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் வருகிறது, அந்த எண்ணுக்கு முகம் கிடையாது. வீட்டுக்காரரிடம், "நான் எழுதுறதை வாசிக்கிறீங்களா?" என்று கேட்டேன். "ம்" என்றார். எங்கள் வீட்டில் இப்போது பேச்சே அந்த "ம்"தான். சண்டை ஒன்றுமில்லை. சாப்பாடு, வேலை, சபை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, பேச்சு மட்டும் எங்கேயோ நின்றுபோயிற்று. அதனால்தானோ என்னவோ, முகம் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் நீ ஒருமுறை வாசித்துச் சொல். முகத்துக்காகச் சொல்லாதே.

உன்
வாயாடி


மார்ச் 19

என் வாயாடிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவளுக்கு, சாயங்காலம் திரையைப் பார்க்கத் தெம்பு கிடையாது. அதனால் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் உன் வலைப்பூ முகவரியைக் கொடுத்தேன். நல்ல மனுஷன், மேலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் அச்சடித்து, கெட்டி அட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆக, நீ இப்போது புத்தகம். எனக்கு வாசிக்கத் தடையில்லை.

முகத்துக்காகச் சொல்லாதே என்றாய் அல்லவா, வாங்கிக்கொள். அவசரமாக எழுதுகிறாய். துக்கம் முதல் பத்தியில் வந்தால் மூன்றாம் பத்தியில் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. யாருக்கு அப்படிக் கிடைக்கிறது? என் பழைய புத்தகத்துக்காரர்கள் ஆறுதலுக்கு நாற்பது பக்கம் காக்க வைப்பார்கள். செத்தவர்களை எனக்குப் பிடிக்கக் காரணம், அவர்களுக்கு என்னிடம் நல்ல பேர் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. உனக்கு இருக்கிறது, அது தெரிகிறது. ஆனால் பல்வலியோடு ஜெபிப்பதைப் பற்றி அவர்களில் யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. நீ எழுதியிருக்கிறாய். அன்று எனக்கும் பல்வலி, நன்றி.

இன்னொன்று. அத்தியாய முடிவில் சின்ன எழுத்தில் தியானக் குறிப்பு சேர்ப்பது பழைய புத்தக வழக்கம், நீயும் அப்படிச் செய்திருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அங்கே "அருமை சகோதரி", "உங்கள் ஊழியம் வளரட்டும்" என்று உன்னை நீயே பாராட்டிக்கொள்வது கொஞ்சம் அதிகம், டி. வாயாடி என்று தெரியும், இவ்வளவு தற்பெருமைக்காரி என்று தெரியாது.

ஆனால் அந்தச் சின்ன எழுத்துக்குள்தான் உன் சிறந்த எழுத்தும் இருக்கிறது. வீட்டுக்காரர் வேலையை வைத்து எழுதியிருக்கிறாயே, அதைச் சொல்கிறேன். "லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டிக் கத்துவார்கள். மேலே இருந்து நான் 'வந்துட்டேன்' என்று குரல் கொடுப்பேன். கதவு திறக்க இன்னும் நேரமாகும், அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கத்துவதை நிறுத்திவிடுவார்கள். ஆண்டவரிடம் நான் கதவைக் கேட்கவில்லை. ஒரு குரல் வந்தால் போதும்." இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு வேறெதையும் வாசிக்கத் தோன்றவில்லை. இப்படி எழுதத் தெரிந்தவள் எதற்காக மூடவேண்டும்?

அன்புடன்
குண்டூசி


மார்ச் 27

அடி குண்டூசி,

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் கோபம் வந்தது, அடுத்து சிரிப்பு. சின்ன எழுத்தில் இருப்பது எதுவும் நான் எழுதியது இல்லை. வாசகர்கள் கட்டுரைக்குக் கீழே போடும் பதில்கள் அவை. ஆரம்பத்தில் ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தார், அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பழைய புத்தகத்தோடு யாரும் பேச முடியாது, என் வலைப்பூவோடு பேசலாம் என்று உன்னிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன். பேசினவர்களை நான்தான் கேட்கவில்லை.

அந்த லிஃப்ட் வரிகளுக்கு வந்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. என் கட்டுரை எதிலும் லிஃப்ட் கிடையாது, டி.

கணினியைத் திறந்து முதலிலிருந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் கட்டுரைக்கும் கீழே, பேர் போடாமல், அதே ஆள். நான் என் அம்மாவின் சாவைப் பற்றி எழுதிய இடத்தில், "அவர்கள் கடைசியாகக் கேட்டது உங்களைத்தான்" என்று எழுதியிருக்கிறார். அன்று அந்த அறையில் அம்மாவோடு இருந்தது ஒரே ஒருவர்.

வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இது நீங்களா?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு "ம்" என்றார்.

"பக்கத்து ரூம்லதானே இருக்கேன். என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்ல?"

"நீ என்கிட்ட என்ன தோணுதுன்னு கேக்கலையே. அங்க கடைசியில, 'உங்கள் எண்ணங்களை எழுதுங்கள்'னு கேட்டிருந்த. அதான் எழுதினேன்."

குத்திக்காட்டவில்லை, குண்டூசி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. தைலக் கையோடு எழுந்து வந்து என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார்.

வலைப்பூவை மூடவில்லை. இனி எது எழுதினாலும் முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுவதாகப் பேச்சு. நேற்று ஆரம்பித்தோம். குடும்ப ஜெபத்தின் ஆசீர்வாதம் என்று ஒரு கட்டுரை, நன்றாகத்தான் வந்திருந்தது. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபிச்சு எவ்வளவு நாளாச்சு?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடினார். மெதுவாக, தட்டுத்தடுமாறி, என் பேரைச் சொல்லி எனக்காக ஜெபித்தார். நான் கண்ணை மூடவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையை இந்த வாரம் போடவில்லை.

உன்
வாயாடி